ஒரு கூடையில் இரண்டு கோழி

ஜூன் 4

அக்காவுக்கு,

இனிமேல் போன் செய்யாதே, உன் குரலைக் கேட்டால் அன்று முழுக்கக் குழந்தை சாப்பிடுவதில்லை, ஏதாவது சொல்ல வேண்டுமானால் எனக்குக் கடிதம் போடு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். சரி. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு பேனாவைத் தொடாதவளை எழுத வைத்துவிட்டாய். பிழையைப் பார்க்காதே, எழுதியிருப்பதைப் பார்.

இரண்டு வாரம் லீவுக்கு வைத்திருந்துவிட்டு அனுப்புகிறேன் என்று சொல்லித்தானே அவளை அழைத்துப் போனாய்? போன நாலாம் நாளே, இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று, இனி என்னோடுதான் இருப்பாள் என்கிறாய். சேர்ப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டாயா? நீ பெற்றவள்தான், யார் இல்லை என்றது? ஒன்பது மாதக் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாய். இப்போது அவளுக்கு ஏழு வயது நடக்கிறது. நடுவில் போன காலத்துக்கெல்லாம் யார் பதில் சொல்வது? முதல் பல் விழுந்தபோது ரத்தத்தைப் பார்த்துவிட்டு அவளைவிடச் சத்தமாக அழுதது யார் தெரியுமா? இவர்தான். லிஃப்ட் மெக்கானிக், பத்து மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர், ஒரு பல்லுக்கு அழுதார்.

கோபத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது. வயிறு வலிக்கிறது என்று அவள் சொன்னால் பாதி நாள் அது பசிதான். தூங்கும்போது காது மடலைப் பிடித்துக்கொள்வாள், அவள் காதை இல்லை, பக்கத்தில் படுத்திருப்பவர் காதை. தட்டிவிடாதே. பின்னால் நின்று தலை வாரினால் ஓடிவிடுவாள். முன்னால் உட்கார வைத்து ஏதாவது கதை பேசிக்கொண்டே வார வேண்டும்.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் கோழிகளில் இரண்டு, அவள் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரே சமயத்தில் அடைக்கு உட்கார்ந்தன. ஒன்று சாம்பல். இன்னொன்று சிவப்பு, எந்நேரமும் யாரையாவது திட்டிக்கொண்டே இருக்கும், அதனால் அதற்கு டீச்சர் என்று பெயர் வைத்திருக்கிறாள். முட்டை எல்லாம் டீச்சர் இட்டது. முதலில் போய் உட்கார்ந்தது சாம்பல். தனித்தனியாகக் கூடை வைக்கிறேன் என்றேன், வாலு விடவில்லை. (நீ பாப்பா என்று கூப்பிட்டுக்கொள், எனக்கு அவள் வாலுதான்.) "ரெண்டு பேருக்கும் ஆசை இருக்குல்ல, சேர்ந்தே உக்காரட்டும்" என்று பெரிய காய்கறிக் கூடையில் வைக்கோலைப் பரப்பி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தாள். ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு நட்சத்திரம் போட்டாள். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் இவர் தன் டார்ச்சை முட்டைக்குப் பின்னால் பிடித்துக் காட்டினார். உள்ளே சிவப்பு நரம்பு ஓடுகிறது, நடுவில் ஒரு புள்ளி ஆடுகிறது. பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு குதித்தாள். சத்தம் போட்டால் குஞ்சு பயந்துவிடுமாம்.

பஸ் ஸ்டாண்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏற மாட்டேன் என்றாளே, நீயும்தான் பார்த்தாய். அப்போது அவள் காதில் நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியாது. "குஞ்சு பொரிக்கிறதுக்குள்ள வந்துடுவே. நீ வந்துதான் கூடையைப் பார்க்கணும்" என்றேன். அடை உட்கார்ந்தால் பொரிக்க மூன்று வாரம். உன் லீவுக் கணக்கு அதற்குச் சரியாக இருந்தது. நான் சொன்னபோது அது பொய் இல்லை. இப்போது நீ அதைப் பொய்யாக்கிவிட்டாய்.

சின்னவள்


ஜூன் 7

சின்னவளுக்கு,

கடிதம் கிடைத்தது. உன்னைப் போல நீட்டி எழுத எனக்கு வராது, நேரமும் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் மூன்று பேர் செய்கிற வேலையை இரண்டு பேர் செய்கிறோம். நாள் முழுக்கக் கண்ணாடி வில்லைகளை அரைத்துவிட்டு வந்தால் என் கண்ணே எனக்குத் தெரிவதில்லை.

லீவு என்று சொல்லி அழைத்து வந்தது தப்புதான். வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும் நீ விட்டிருக்க மாட்டாய். ஒவ்வொரு வருஷமும் கேட்டேன். ஒவ்வொரு வருஷமும், சளி பிடித்திருக்கிறது, பரீட்சை வருகிறது, இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்றாய். அவள் அப்பா விட்டுப் போன பிறகு, கையில் வேலையும் இல்லாமல் இருக்க ஒரு அறையும் இல்லாமல்தான் உன்னிடம் கொடுத்தேன். இனாமாகக் கொடுக்கவில்லை. இப்போது எனக்கு நிரந்தர வேலை இருக்கிறது, நாலாவது மாடியில் வீடு இருக்கிறது, அவளுக்கென்று ஜன்னலோரக் கட்டில் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது அங்கிருந்த டீச்சர், இவங்க யாரு என்று அவளைக் கேட்டார். "எங்க பெரியம்மா" என்றாள். நான் பக்கத்தில் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அம்மா வரலையா என்று கேட்டார். "அம்மா ஊர்ல கோழியைப் பார்த்துக்கிறாங்க" என்றாள். அந்த டீச்சர் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்க்கவில்லை. உனக்குப் பிள்ளை இல்லை என்பதற்காக என் பிள்ளை வாயில் என்னைப் பெரியம்மா ஆக்கினாயே, அதை மட்டும் நான் மறக்க மாட்டேன்.

மேலே எழுதிய வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடித்தால் அடியில் என்ன இருக்கிறது என்று நீ வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாய். இருக்கட்டும்.

தூங்கும்போது என் காதைத் தேடுவதில்லை. சுவர்ப் பக்கம் திரும்பித் தன் காதையே பிடித்துக்கொண்டு தூங்குகிறாள்.

உண்மையில் இந்தக் கடிதம் எழுதியது அவள் கேட்டுச் சொல்லச் சொன்னதற்காகத்தான். சாம்பல் எழுந்து போய்ச் சாப்பிடுகிறதா? அது சாப்பிடப் போகும்போது டீச்சர் முட்டையைப் பார்த்துக்கொள்கிறதா, இல்லை அதுவும் கூடவே போய்விடுகிறதா? காலையில் ஒரு தடவை, நான் வேலையிலிருந்து வந்ததும் ஒரு தடவை கேட்கிறாள். பதில் எழுது.

அக்கா


ஜூன் 10

அக்காவுக்கு,

நீ அடிக்காமல் விட்ட வரியைப் படித்தேன். அதை மட்டும் இவருக்கு வாசித்துக் காட்டவில்லை. கடிதத்தில் என்ன எழுதியிருக்கு என்று கேட்டார், கோழியைப் பற்றிக் கேட்டிருக்கா என்றேன். அதுவும் உண்மைதானே.

நான் அவளுக்கு அம்மா என்று சொல்லிக் கொடுக்கவில்லை அக்கா. ஒரு நாள் அடுப்படியில் என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் தானாகச் சொன்னாள். திருத்த வேண்டியவள்தான் நான். இல்லடி, நான் சித்தி என்று வாயெடுத்தேன், வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுதினால் காகிதம் நனைந்துவிடும்.

அவளிடம் சொல். சாம்பல் காலையில் ஒரு தடவைதான் எழுந்திருக்கிறது. குருணையை அவசர அவசரமாகக் கொத்திவிட்டு, தண்ணீரில் இரண்டு தடவை வாயை வைத்துவிட்டு ஓடி வந்துவிடும். நெஞ்சில் இருந்த இறகையெல்லாம் தானே பிடுங்கிவிட்டது, சூடு முட்டையில் நேராகப் படட்டும் என்று. தூக்கிப் பார்த்தால் ஒன்றுமே கனமில்லை. டீச்சர் அப்படி இல்லை. நன்றாகச் சாப்பிடும், மண்ணில் புரண்டு குளிக்கும், அப்புறம் வந்து சாம்பலை இடித்துத் தள்ளிவிட்டு முக்கால்வாசிக் கூடையில் உட்காரும். ஆனாலும் முட்டை ஆறவில்லை. ஒன்று போனால் ஒன்று இருக்கிறது.

எதிர்வீட்டு டைலரம்மா நேற்று வந்து பார்த்துவிட்டு, ஒரு கூடையில் ரெண்டு கோழி ஆகாது, பொரிக்கிற நேரத்துல அடிச்சுக்கும், இப்பவே ஒண்ணைப் பிரிச்சு வை என்று சொல்லிவிட்டுப் போனார். இவரும் அதையேதான் சொன்னார், வேறு கூடை கூடக் கொண்டுவந்தார். நான்தான் வேண்டாம் என்றேன். வாலு வைத்தது வைத்தபடி இருக்கட்டும், அவள் வந்து பார்க்கும்போது எங்கே என் கூடை என்று கேட்டால் யார் பதில் சொல்வது?

ஆமாம், வந்து பார்க்கும்போது என்றுதான் எழுதியிருக்கிறேன். இந்த வாரக் கடைசியில் பொரிக்கும். ஒரே ஒரு நாள் அழைத்து வா. நீயும் கூட இரு, என்னோடு தனியாக விட வேண்டாம். கூடையைப் பார்க்கட்டும், குஞ்சைக் கையில் வாங்கட்டும். பொழுது சாய்வதற்குள் நானே பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். உன்னிடம் இதுவரை எதுவும் கெஞ்சிக் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன்.

சின்னவள்


ஜூன் 13

சின்னவளுக்கு,

முடியாது. நீ ஒரு நாள் என்கிறாய், அது ஒரு நாளில் முடியாது. அந்தக் கம்பியிலிருந்து அவள் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தது நான். நீ அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாய். இன்னொரு தடவை அதைச் செய்ய எனக்குத் தெம்பு இல்லை.

இங்கே நடந்ததைக் கேள். மூன்று நாளாகப் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம். வயிற்றுவலி என்றாள். பசியாக இருக்கும் என்று நீ எழுதியிருந்ததை நினைத்துச் சாப்பிடக் கொடுத்தேன், சாப்பிட்டுவிட்டு அலமாரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். அடித்தட்டில் துணியை எல்லாம் ஒதுக்கிவிட்டு, என் கம்பளிச் சால்வையை வட்டமாகச் சுருட்டி வைத்து, அதன் மேல் குந்தி உட்கார்ந்திருக்கிறாள். என்னடி இது என்றேன். மெதுவாகப் பேசச் சொல்லி உதட்டில் விரலை வைத்தாள். கடையில் வாங்கிய முட்டை ஒன்றை ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்துவந்து அடை காக்கிறாள்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்று கூட நினைத்தேன். அடைக்கோழி எந்திரிச்சுப் போகக் கூடாது, முட்டை ஆறிடும், அதனால பள்ளிக்கூடம் கிடையாது என்றாள். அந்த முட்டை பொரிக்காது, கடை முட்டைக்கு உயிர் கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். அப்போதுதான் சொன்னாள். "அங்க லேட்டாகுதுல்ல. இங்க பொரிச்சாலும் பொரிச்சதுதானே. அப்புறம் நான் வீட்டுக்குப் போகலாம்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நீ காதில் சொன்ன ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அந்தக் குழந்தை என் அலமாரிக்குள் உட்கார்ந்திருக்கிறது. வேலைக்கு இரண்டு நாள் லீவு போட்டாயிற்று. நேற்றுக் காலையில் முதலாளி போன் செய்து, இன்று வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். முட்டை உடைந்து சால்வையில் ஒழுகியது. அதைப் பார்த்துவிட்டு என் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். நான் கன்னத்தில் ஓர் அறை கொடுத்தேன்.

அடித்தது உனக்குக் கஷ்டமாக இருக்கும். எனக்கு இல்லையா? ஆனால் பெற்றவள் அடித்தால் பிள்ளை ஒன்றும் ஆகிவிடாது. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது. கோழி வளர்க்கிற உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்றைக்கு மறுபடியும் ஒரு முட்டை எடுத்திருக்கிறாள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். அவளிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நான் எதைச் சொன்னாலும் நம்புவதில்லை. நீ சொன்னால்தான் நம்புவாள்.

அக்கா


ஜூன் 17

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தபோது இங்கே பொரித்து முடிந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலையில் கூடைக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. ஓட்டுக்குள் இருந்தபடியே கத்துகின்றன. இவர் வேலைக்குப் போகவில்லை, செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்துவிட்டார். முதல் குஞ்சு சாம்பலுக்கு அடியில் வந்தது. நட்சத்திரம் போட்ட ஓடு நடுவில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. குஞ்சு ஈரமாக நடுங்கிக்கொண்டு சாம்பலின் இறக்கைக்குள் தலையை விட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவள் இருந்திருந்தால் என்ன கூத்து அடித்திருப்பாள் என்று இரண்டு பேருக்கும் அதே நினைப்பு.

மதியத்துக்குள் ஏழு வந்துவிட்டது. அப்போதுதான் டீச்சருக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோழி, கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு எழுந்து நின்றது. சாம்பலின் அடியில் போன குஞ்சையெல்லாம் தன் பக்கம் இழுக்கப் பார்த்தது. சாம்பலும் விடவில்லை. அது யாரையும் கொத்தி நான் பார்த்ததே இல்லை அக்கா, அன்றைக்குக் கொத்தியது. ஒன்று மேல் ஒன்று ஏறி, இறக்கையால் அடித்துக்கொண்டு, கூடையே கவிழ்ந்துவிட்டது. இவர் டீச்சரைப் பிடித்தார், நான் சாம்பலைப் பிடித்தேன். பிடிப்பதற்குள் முதலில் வந்த குஞ்சு வைக்கோலுக்குள் தட்டையாகக் கிடந்தது. கையில் எடுத்தேன். சூடு இருந்தது, அவ்வளவுதான். தலை ஒரு பக்கமாகத் தொங்கியது.

யார் மிதித்தது என்று தெரியாது. இரண்டுக்கும் தெரியாது. இரண்டும் குஞ்சு வேண்டும் என்றுதான் அடித்துக்கொண்டன.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்று எழுதியிருந்தாய். நானும் ஆயிரம் தடவை அதைச் சொல்லியிருக்கிறேன். ஒரு கோழி மிதித்தால் சாகாதுதான். இரண்டு கோழி மிதித்தால் சாகும். உன்னைக் குத்திக் காட்டுவதற்காக இதை எழுதவில்லை. டைலரம்மா சொன்னபோதே பிரித்து வைத்திருந்தால் அது பிழைத்திருக்கும். வாலு வைத்த கூடையைக் கலைக்க மாட்டேன் என்று வீம்பு பிடித்தது நான்.

சாம்பலைத் தூக்கிக்கொண்டு போய்க் கூண்டில் அடைத்தேன். மீதி ஆறையும் டீச்சரிடம் விட்டேன். முட்டை அதனுடையது. அதற்கு உடம்பில் தெம்பும் இருக்கிறது. சாம்பல் கூண்டுக்குள் இரண்டு நாள் கத்தியது. உன் கடிதத்தை அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் படித்தேன். அலமாரியில் குந்தி உட்கார்ந்திருக்கிறாள் என்ற இடம் வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டேன். பிறகு வந்து மிச்சத்தைப் படித்தேன்.

நான் சொன்னால்தான் நம்புவாள் என்றாய். சொல்கிறேன். இத்துடன் வைத்திருக்கும் தாளை அவளிடம் வாசித்துக் காட்டு. ஆறு குஞ்சு நன்றாக இருக்கிறது என்பது நமக்குள் இருக்கட்டும். பொரிக்கும், வந்துவிடுவேன் என்று அவள் காத்திருக்கும் வரைக்கும் உன் வீட்டில் ஒரு பிடி சோறு நிம்மதியாகச் சாப்பிட மாட்டாள். இதை எழுதிவிட்டு இவரிடம் காட்டினேன். படித்தார், மடித்தார். போய், ஓடாமல் மேலே தொங்கிக்கொண்டிருந்த பழைய மின்விசிறியைக் கழற்றி எண்ணெய் போட ஆரம்பித்தார்.

சின்னவள்

(உள்ளே தனித் தாளில்)

வாலு,

முட்டை எல்லாம் கூமுட்டையாப் போச்சுடி. ஒண்ணுகூடப் பொரிக்கல. மூணு வாரம் முடிஞ்சு அதுக்கு மேலயும் பார்த்தாச்சு. இனி காத்திருந்து பிரயோஜனம் இல்ல. அதனால நீயும் காத்திருக்க வேண்டாம். ஒழுங்கா பள்ளிக்கூடம் போ. அலமாரிக்குள்ள உக்காராதே, மூச்சு முட்டும். அவங்களை இனி பெரியம்மான்னு கூப்பிடாதே, அம்மான்னு கூப்பிடு. அவங்கதான் உங்க அம்மா.

சித்தி


ஜூலை 2

சின்னவளுக்கு,

பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன், இரண்டு தடவை. இன்றைக்கு எப்படியும் முடித்துவிடுகிறேன்.

வேலையிலிருந்து வந்து அவளுக்குச் சாப்பாடு போட்ட பிறகு உன் தாளை வாசித்தேன். அலமாரிக்குள்தான் இருந்தாள், கதவு திறந்திருந்தது. அதன் முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டு வாசித்தேன். முடித்ததும் தாளை வாங்கிப் பார்த்தாள். கடைசியில் இருந்த சித்தி என்ற எழுத்தின் மேல் விரலை வைத்து, "இது யாரு?" என்று கேட்டாள். ஊரில் இருக்கிறாளே, அவள்தான் என்றேன்.

பிறகு சொன்னாள். "அப்பா லைட் அடிச்சுக் காட்டினாரு. எல்லாத்துலயும் ஆடிச்சு. கூமுட்டைல ஆடாது."

பின்னால் நின்றுபோயிருக்கும், சில சமயம் அப்படி ஆகும் என்றேன். தலையை ஆட்டினாள். "அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. நான் வரக் கூடாதுன்னா வராதேன்னு சொல்ல வேண்டியதுதானே" என்றாள்.

ஆறு குஞ்சு இருக்குடி, உன் அம்மா உனக்காகத்தான் இப்படி எழுதியிருக்கா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எழுந்து வெளியே வந்தாள். முட்டையை ஃபிரிஜ்ஜில் கொண்டுபோய் வைத்தாள். சால்வையை நாலாக மடித்து என் கையில் கொடுத்தாள். மறுநாள் காலையில் நான் எழுப்புவதற்குள் சீருடையைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

இப்போது எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. சாப்பிடுகிறாள், படிக்கிறாள், பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரி என்கிறார்கள். போன வாரம் தலை வாரிக்கொண்டிருந்தபோது, "அம்மா, ரப்பர் பேண்ட் எங்கே?" என்றாள். இவ்வளவு காலமாக நான் காதால் கேட்க ஏங்கின வார்த்தை. கடைக்காரரிடம் உப்பு இருக்கா என்று கேட்பது போலக் கேட்டாள். எடுத்துக் கொடுத்துவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் இல்லை.

உன் பேச்சை ஒரு தடவை கூட எடுக்கவில்லை. கோழி, கூடை, அப்பா, எதையும் கேட்பதில்லை. கேட்கவில்லையே என்று நான் இப்போது உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன், பார்.

நீயே சொல். உண்மையைச் சொல்லிவிடட்டுமா? நீ சொல் என்று சொன்னால் இன்றே சொல்லிவிடுகிறேன். அழைத்து வரச் சொன்னால் கூட ஒரு நாள் அழைத்து வருகிறேன்.

முதல் கடிதத்தில் உனக்குப் பிள்ளை இல்லை என்று எழுதினேனே. அந்த வரியை அன்றே அடித்திருக்க வேண்டும்.

அக்கா


ஜூலை 6

அக்காவுக்கு,

சொல்லாதே.

அழைத்து வா என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். "அழை" வரைக்கும் எழுதினேன், அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதில் எழுதுகிறேன். உண்மையைச் சொன்னால் மறுபடியும் ஒரு காலை அங்கே வைத்து ஒரு காலை இங்கே வைத்து நிற்பாள். அந்தக் குஞ்சு என் கையில் தலை தொங்கிக் கிடந்ததை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். என் மேல் கோபமாக இருக்கட்டும். கோபம் இருந்தால் சோறு இறங்கும், ஏக்கம் இருந்தால் இறங்காது. பெரியவளாகி, அடைக்கோழி என்றால் என்ன என்று தானாகத் தெரிந்த பிறகு, அவளே கேட்டால் சொல். கேட்காவிட்டால் சொல்ல வேண்டாம்.

எனக்குப் பொய் சொல்ல வராது என்று சொன்னாளாமே. அந்த இடத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. அவளை வளர்த்ததற்கு எனக்கு அது போதும் என்று எழுதலாம். போதாது அக்கா. அவள் வேண்டும். ஆனால் அதற்கு என்ன செய்வது?

நீ அந்த வரியைப் பற்றி எழுதியதும் வந்து சேர்ந்தது. அடித்ததாகவே வைத்துக்கொள்கிறேன். தலை வாரும்போது பின்னலை இறுக்கிப் போடாதே, பொழுது சாய்ந்தால் தலைவலி என்பாள். ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றாதே.

டீச்சரைப் பற்றி நான் ஏதேதோ சொல்லியிருந்தேன். எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நல்ல தாயாகத்தான் இருக்கிறது. ஆறு குஞ்சுக்கும் இறக்கை முளைத்துவிட்டது. பருந்து நிழல் தரையில் விழுந்தால் போதும், ஒரு குரல் கொடுக்கும், ஆறும் ஓடிவந்து அடியில் பதுங்கிக்கொள்ளும். குருணையைத் தான் தின்னாமல் கொத்திக் கொத்திப் போடுகிறது. யாரையும் திட்டுவதில்லை.

சாம்பலைக் கூண்டிலிருந்து திறந்துவிட்டோம். முதல் நாள் குஞ்சுகளின் பக்கத்தில் போனது, டீச்சர் விரட்டிவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போவதில்லை. ஆனால் மதியமானால் எங்கே இருந்தாலும் வந்து அந்தக் காய்கறிக் கூடையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. இன்னும் அடை தெளியவில்லை. நெஞ்சில் இறகு முளைக்கவே இல்லை. இவர் நேற்று வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். தண்ணீரில் முக்கி எடுத்தால் சூடு தணிந்து அடை தெளியும், எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள்.

"ரெண்டு தடவை முக்கினா மறந்துடும்" என்றார்.

"அப்ப முதல்ல என்னை முக்குங்க" என்றேன்.

வாளியை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். சாயங்காலம் அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினேன்.

இதை எழுதும்போதும் ஜன்னல் வழியாகத் தெரிகிறது. வெறும் கூடையில் உட்கார்ந்திருக்கிறது. அடியில் ஒன்றும் இல்லை. நடுநடுவே எழுந்து, முட்டையைத் திருப்பி வைப்பது போல அலகால் வைக்கோலைத் திருப்பிவிட்டு மறுபடியும் உட்காருகிறது. நான் போய் எழுப்பவில்லை.

சித்தி